சிமிட்டாத வெளிச்சம்

ஹாங்காங்கின் கவுலூன் பகுதியில் பொழுது சாயும் நேரத்தில்தான் சில ஒளிப்படக்காரர்களின் வேலை தொடங்குகிறது. சுற்றுலா வந்தவரை மெட்ரோ ரயில் நிலைய வாசலில் சந்தித்து, ஒன்றிரண்டு மணி நேரம் யாவ் மா டேய், மொங் கொக் தெருக்களில் கூட்டிப்போவார்கள். எந்தச் சந்தில் சிவப்பு வெளிச்சம் முகத்தின் பக்கவாட்டில் விழும், எந்த அடகுக்கடைப் பலகைக்குக் கீழே பச்சை இறங்கும், மழை பெய்தால் எந்தத் தரையில் வண்ணம் தேங்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். வாடிக்கையாளர் நிற்க வேண்டிய இடத்தைக் காட்டி, கன்னத்தை இந்தப் பக்கம் திருப்பச் சொல்லி, ஒரு பேருந்து கடக்கும்வரை காத்திருந்து படம் எடுப்பார்கள். டோக்கியோ, சியோல், ஒசாகா என்று இரவில் ஒளிரும் ஊர்களில் எல்லாம் இந்தத் தொழில் இப்போது உண்டு. ஆனால் அந்தப் படங்களின் தோற்றத்தை உலகத்துக்குப் பழக்கியதில் ஹாங்காங்குக்கு ஈடான ஊர் இல்லை. அங்கே அந்த வெளிச்சத்தை உண்டாக்கிய நியான் பலகைத் தொழிலுக்கு நூறாண்டை நெருங்கும் வரலாறு இருக்கிறது. அந்தத் தொழில் நம் கண்முன்னே சுருங்கிக்கொண்டிருக்கிறது.

நியான் என்ற வாயு நாம் மூச்சில் இழுக்கும் காற்றிலேயே இருக்கிறது, பத்து லட்சம் பங்கில் சுமார் 18 பங்கு. 1898இல் லண்டனில் வில்லியம் ராம்சேயும் மோரிஸ் டிராவர்ஸும் திரவமாக்கிய காற்றைப் பிரித்து அதைக் கண்டுபிடித்தார்கள். குழாயில் அடைத்து மின்சாரம் பாய்ச்சியபோது எழுந்த செந்நிறம், அது புதிய தனிமம் என்பதைக் காட்டிக்கொடுத்தது. அந்த டிராவர்ஸ்தான் பிறகு இந்தியாவுக்கு வந்து பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்துக்கு முதல் இயக்குநரானார். நியானை முதலில் கண்ட இருவரில் ஒருவர் நமக்கு இத்தனை பக்கத்தில் வாழ்ந்தார் என்பது நம் பாடப்புத்தகங்களில் ஏறியிருக்க வேண்டிய செய்தி.

ஆய்வகத்தில் இருந்த நியானைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் பிரான்ஸின் ஜார்ஜ் க்ளோட். காற்றைத் திரவமாக்கி ஆக்சிஜன் விற்பது அவர் தொழில். அதில் மிச்சமாக வந்துகொண்டிருந்த நியானை என்ன செய்வது என்று யோசித்தவர், 1910 டிசம்பரில் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் நீண்ட நியான் குழாய்களை எரியவிட்டார். 1912இல் பாரிஸின் மோன்மார்த்ர் பெருஞ்சாலையில் ஒரு முடிதிருத்தும் கடையின் பெயர் நியானில் எரிந்தது. வணிகப் பலகையாக நியான் தெருவுக்கு வந்தது அதிலிருந்துதான். குழாயின் முனையிலுள்ள மின்முனைகள் சீக்கிரம் அரித்துப்போகாமல் தடுக்கும் முறைக்கு 1915இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற பிறகு, க்ளோட்டின் நிறுவனம் ஊர் ஊராக உரிமம் விற்றது.

கிழக்கே நியான் பிடித்த பெரிய ஊர்களில் ஒன்று ஷாங்காய். 1926இல் நான்ஜிங் சாலையில் ஒரு கடையின் ஜன்னலில் தட்டச்சுப் பொறி விளம்பரமாக நியான் எரிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் நடன அரங்குகளும் துணிக்கடைகளும் சினிமாக் கொட்டகைகளும் அதைப் பற்றிக்கொண்டன. 1930களில் ஹாங்காங்குக்கும் வந்தது. பிறகு போர். ஜப்பானிய ஆக்கிரமிப்பில் நகரம் இருண்டது. போர் முடிந்து, 1949இல் சீனாவில் ஆட்சி மாறிய காலத்தில் ஷாங்காயின் முதலாளிகளும் தையற்காரர்களும் திரைப்படக்காரர்களும் பெருங்கூட்டமாக ஹாங்காங்குக்கு வந்து சேர்ந்தார்கள். பணத்தோடும் கைத்தொழிலோடும் கூடவே, இரவில் ஒரு நகரம் எப்படி இருக்க வேண்டும் என்ற எண்ணத்தையும் அவர்கள் கொண்டுவந்தார்கள்.

கவுலூனை நெடுக்காகப் பிளந்து செல்லும் நாதன் சாலை அந்த எண்ணத்துக்கு வாகான இடம். 1861இல் ராபின்சன் சாலை என்ற பெயரில் போடப்பட்டு, 1909இல் முன்னாள் ஆளுநர் மேத்யூ நாதனின் பெயரைப் பெற்றது. இரு மருங்கிலும் நெருக்கியடித்த கட்டடங்கள். கீழ்த்தளத்தில் கடை, மேல்தளங்களில் உணவகம், நகைக்கடை, மருத்துவர், குளியல் நிலையம். நடைபாதையில் போகிறவர் அண்ணாந்து பார்த்தாலும் மூன்றாம் மாடிக் கடையின் பெயர் தெரியாது. எனவே பலகைகள் சுவரிலிருந்து வெளியே நீண்டன. பக்கத்துக் கடைக்காரர் நீட்டியதைவிட இன்னும் ஓரடி நீட்ட வேண்டும். இப்படியே வளர்ந்து, இரண்டடுக்குப் பேருந்துகளுக்கு மேலே சாலையின் நடுப்பகுதிவரை பலகைகள் வந்து நின்றன. 1973இல் நாதன் சாலையில் நேஷனல் நிறுவனம் எழுப்பிய பலகை உலகிலேயே மிகப் பெரிய நியான் பலகை என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது.

அந்தச் சாலைக்கும் தமிழுக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. அதன் தென்கோடியில், சிம் ஷா சுய் பகுதியில், 1961இல் கட்டிய சுங்கிங் மேன்ஷன்ஸ் என்ற 17 மாடிக் கட்டடத்திலும் அதைச் சுற்றியும் தென்னிந்திய வணிகர்கள் பல பத்தாண்டுகளாகத் தொழில் செய்கிறார்கள். காயல்பட்டினத்திலிருந்து ரத்தினக்கல் வியாபாரத்துக்குப் போய்த் தங்கிய குடும்பங்கள் அங்கே உண்டு. கவுலூன் பள்ளிவாசலில் மாலைத் தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்கள் மேல் விழுந்ததும் அந்தப் பலகைகளின் வெளிச்சம்தான்.

ஒரு நியான் பலகை பல கைகள் மாறித்தான் தெருவுக்கு வரும். முதலில் எழுத்து. கடைக்காரர் கையெழுத்துக் கலைஞரிடம் போவார். ஹாங்காங்கில் பெரிதும் விரும்பப்பட்டது வட வெய் நடை. 386 முதல் 534 வரை வட சீனத்தை ஆண்ட வட வெய் அரச மரபின் காலத்துக் கல்வெட்டுகளிலிருந்து வந்த, உளியால் வெட்டியது போன்ற தடித்த முனைகள் கொண்ட எழுத்து அது. தூரத்திலிருந்து பார்த்தாலும் கண்ணில் அறையும். தூரிகையால் எழுதிய அந்த எழுத்தை அப்படியே பெரிதாக்கி முழு அளவில் வரைபடம் போடுவார்கள். அதற்குப் பிறகு கண்ணாடி வளைப்பவரின் வேலை.

அந்த வேலையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். எரிவாயு அடுப்பின் நீலச் சுவாலையில் கண்ணாடிக் குழாயை உருட்டி உருட்டிச் சூடேற்றுவார். இளகியதும் சுவாலையை விட்டு எடுத்து, வரைபடத்தின் மேல் வைத்து, கோட்டின் போக்கில் வளைப்பார். இதற்குக் கிடைப்பது சில விநாடிகள்தான். வளைக்கும் இடத்தில் குழாய் நசுங்கிவிடக் கூடாது. அதற்காக ஒரு முனையை அடைத்து, மறு முனையில் பொருத்திய ரப்பர்க் குழாயை வாயில் கவ்வியபடி மெல்ல ஊதிக்கொண்டே இருப்பார். ஊதல் கூடினால் குழாய் உப்பும், குறைந்தால் ஒட்டிக்கொள்ளும். வாயில் ஊதல், கையில் வளைவு, கண்ணில் அளவு என்று மூன்றும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். இதற்கு அச்சோ எந்திரமோ கிடையாது. விரலில் சூட்டுத் தழும்பு ஏறாமல் இந்தத் தொழிலைக் கற்றவர் இல்லை.

வளைத்து முடித்த குழாயின் இரு முனையிலும் மின்முனையை ஒட்டி, உள்ளே இருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சி, உயர் மின்னழுத்தம் பாய்ச்சிச் சூடாக்கி, மிச்சமிருக்கும் அழுக்கை எரித்து வெளியேற்றுவார்கள். அதற்குப் பிறகுதான் வாயு. நியான் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் எல்லாக் குழாயிலும் நியான் இருக்காது. செம்மஞ்சள் கலந்த சிவப்பு மட்டும்தான் நியானின் சொந்த நிறம். நீலத்துக்கு ஆர்கானும் ஒரு துளி பாதரசமும் சேர்ப்பார்கள். குழாயின் உட்புறத்தில் பூசும் ஒளிர்பொடியைப் பொறுத்துப் பச்சை, இளஞ்சிவப்பு, வெள்ளை என்று மற்றவை வரும். சரியாகச் செய்த குழாய் பல பத்தாண்டுகள் எரியும்.

கடைசியாகத் தொங்கவிடும் வேலை. மூங்கில் சாரம் கட்டி, இரும்புச் சட்டத்தைச் சுவரில் பிணைத்து, புயற்காற்றையும் தாங்கும்படி கம்பி இழுத்துக் கட்டுவார்கள். புயல்கள் ஆண்டுதோறும் வரும் ஊரில், தலைக்கு மேல் கண்ணாடியைத் தொங்கவிட்டு அதன் கீழே லட்சக்கணக்கானோரை நடக்கவிட்ட துணிச்சலுக்குப் பின்னால் அந்தச் சாரக்காரர்களின் கணக்கு இருந்தது.

ஹாங்காங்கின் பலகைகள் அமெரிக்காவின் லாஸ் வேகஸ் பலகைகளைப் போலக் கண் சிமிட்டியதில்லை. அதற்குக் காரணம் விமான நிலையம். கவுலூனின் நெருக்கமான குடியிருப்புகளை ஒட்டியே காய் டாக் விமான நிலையம் இருந்தது. விமானங்கள் மாடிகளின் தலைக்கு மேல் திரும்பி இறங்கும். மின்னி மின்னி எரியும் விளக்குகளை விமானிகள் ஓடுபாதை விளக்கென்று தவறாக எண்ணிவிடக் கூடாது என்பதற்காக, சிமிட்டும் பலகைகளுக்குத் தடை இருந்தது. காய் டாக் 1998 ஜூலையில் மூடப்பட்டது. அதுவரை அந்த ஊரின் வெளிச்சம் அசையாமல் நின்றது. நிற்கிற வெளிச்சத்தில்தான் மெதுவான படச்சுருளிலும் நிதானமாகப் படம் எடுக்க முடியும். விமானிகளுக்காகப் போட்ட விதி ஒளிப்படக்காரர்களுக்கும் பயன்பட்டது.

இரவில் தெருவில் ஒருவரின் முகத்தைப் படமெடுப்பது நெடுங்காலம் நடக்காத காரியமாகவே இருந்தது. ஹாங்காங்கின் புகழ்பெற்ற 19ஆம் நூற்றாண்டு ஒளிப்படக் கலைஞர் லாய் அஃபோங் தம் நிலையத்தில் உருவப்படம் எடுத்த காலத்தில் பகல் வெளிச்சம்தான் எல்லாம். ஐரோப்பாவில் 1887இல் மக்னீசியப் பொடி வெடித்து ஒளி தரும் முறை வந்தது. அது இருட்டை விரட்டியதே தவிர, இரவின் நிறத்தைக் காட்டவில்லை. 1933இல் பாரிஸின் இரவுகளைப் புத்தகமாக்கிய பிராசாய் முக்காலியில் கேமராவை நிறுத்தி, ஒரு சிகரெட் எரிந்து முடியும் நேரத்தைக் கொண்டு ஒளி விழும் நேரத்தை அளந்தார். தெருவும் மூடுபனியும் அத்தனை நேரம் காத்திருக்கும். மனித முகம் காத்திருக்காது.

ஹாங்காங்கின் இரவு வண்ணங்களைப் பொறுமையோடு சேகரித்தவர்களில் கனடாவின் கிரெக் ஜிரார்ட் முதன்மையானவர். 1974இல், பதின்பருவம் முடியாத வயதில், முதன்முறையாக அங்கே வந்தார். 1980களில் அங்கேயே குடியேறினார். மதுக்கூடங்கள், விடுதி அறைகள், நியான் தெறிக்கும் ஈரத் தெருக்கள் என்று எடுத்துக்கொண்டே இருந்தார். அந்த ஆண்டுகளின் சிறந்த வண்ணச் சுருள்களில் ஒன்றான கோடாக்ரோமின் வேகம், அதாவது ஒளியை உணரும் திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண், 64தான். முக்காலி இல்லாமல் இரவில் அதில் தெளிவாகப் படம் எடுப்பது கடினம். 1974 முதல் 1989 வரை எடுத்த அந்தப் படங்கள் 2017இல்தான் தனிப் புத்தகமாக வந்தன. அவற்றில் முகங்கள் வெளிச்சத்துக்குக் காட்சிப்பொருளாக நிற்கவில்லை. அந்த வெளிச்சத்தில் வேலை பார்க்கிறவர்களாக, காத்திருப்பவர்களாக, களைத்தவர்களாக இருக்கிறார்கள். இன்று சுற்றுலா வந்தவர்களுக்கு எடுக்கும் படங்களில் குறைவது இதுதான். ஜிரார்டின் படங்களை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுத் தெருவுக்குப் போகிற ஒளிப்படக்காரர் வேறு மாதிரி படம் எடுப்பார்.

உலகம் அந்த நகரத்தைக் கண்ணால் கண்டது திரையில். ரிட்லி ஸ்காட் 1982இல் எடுத்த பிளேட் ரன்னர் படத்தின் மழை நனைந்த எதிர்கால நகரத்தில் ஹாங்காங்கின் சாயல் பலமாக உண்டு. 1995இல் ஜப்பானிய இயக்குநர் மாமொரு ஒஷி எடுத்த கோஸ்ட் இன் தி ஷெல் அசைபடத்துக்கும் ஹாங்காங்தான் மாதிரி. ஆனால் முகத்தையும் நியானையும் பிரிக்க முடியாதபடி சேர்த்தவர் ஹாங்காங் இயக்குநர் வோங் கார்வாய். 1994இல் வந்த சுங்கிங் எக்ஸ்பிரஸ் படத்தின் முதல் பாதி அந்த 17 மாடிக் கட்டடத்தின் சந்துகளில் நடக்கிறது. பொன்னிறப் பொய்முடியோடு நடிகை பிரிஜிட் லின் கூட்டத்தில் ஓடும்போது வெளிச்சம் கோடு கோடாக இழுபடும். ஆண்ட்ரூ லாவும் கிறிஸ்டோபர் டாயிலும் பகிர்ந்து செய்த அந்த ஒளிப்பதிவில், கடைப் பலகையின் நிறம் பாத்திரத்தின் மனநிலையாகவே மாறியது. அடுத்த ஆண்டின் ஃபாலன் ஏஞ்சல்ஸ் இன்னும் துணிந்து, மிக அகன்ற கோண லென்ஸை முகத்துக்கு அருகே கொண்டுபோனது. பின்னர் வோங்கின் படப்பிடிப்புகளில் ஒளிப்படம் எடுத்த விங் ஷ்யா, அதே உணர்வை நாகரிக உடைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுசென்றார். இன்று சுற்றுலாப் பயணி கைப்பேசியில் மாதிரியாகக் காட்டி “இப்படி வேண்டும்” என்று கேட்கும் படத்தின் வேர் இந்த இரண்டு மூன்று ஆண்டுப் படங்களில் இருக்கிறது.

தொழில்நுட்பம் மீதியைச் செய்தது. 2007இல் வந்த நிக்கான் டி3 கேமராவின் இயல்பான ஐஎஸ்ஓ எல்லை 6400. ஜிரார்ட் காலத்துக் கோடாக்ரோமைப் போல நூறு மடங்கு. முக்காலி தேவையில்லாமல் போனது. 1.4 திறப்புள்ள ஒரு லென்ஸும் ஒரு கடையின் பலகை வெளிச்சமும் இருந்தால் போதும், நடந்துகொண்டே முகத்தை எடுக்கலாம். 2010களில் கோடாக்கின் சினிமாச் சுருளிலிருந்து கருப்புப் பின்பூச்சை நீக்கி, சினிஸ்டில் 800டி என்ற பெயரில் விற்றார்கள். பூச்சு இல்லாததால் ஒளி சுருளுக்குள்ளேயே திரும்பத் தெறித்து, விளக்குகளைச் சுற்றிச் சிவந்த வளையம் விழும். நியான் படங்களில் அந்த வளையமே ஒரு கையெழுத்தாகிவிட்டது.

ஆனாலும் நியான் எளிதில் வசப்படாது. அதன் ஒளி சூரிய ஒளி போல எல்லா நிறமும் கலந்தது அல்ல, சில அலைநீளங்களில் மட்டும் குவிந்தது. சிவப்புக் குழாய்க்குக் கீழே நிற்பவரின் தோல் நிறத்தைப் பிறகு கணினியில் மீட்க முடியாது. இல்லாத நிறத்தை எப்படி மீட்பது? சிவப்பு மட்டும் அளவு மீறிக் கன்னம் தட்டையாகும். தேர்ந்தவர்கள் அதனால் முகத்தின் ஒரு பக்கத்தை மட்டும் சிவப்புக்குக் கொடுத்து, மறு பக்கத்துக்குக் கடை உள்ளிருந்து வரும் வெள்ளையைத் தேடுவார்கள். குழாயின் நீளம் முழுக்க ஒளி கசிவதால் நிழல் கடுமையாக விழாது. நியானின் அழகு இந்த மென்மையில்தான் இருக்கிறது.

அந்த மென்மை குறைந்துகொண்டே வருகிறது. அனுமதி பெறாமல் நீட்டிய பலகைகளை அகற்றும்படி கட்டடத் துறை உத்தரவிடுகிறது. 2013இல் பலகைகளைப் பரிசோதித்து உறுதிசெய்துகொள்ளும் திட்டம் வந்தது. பழைய, பெரிய பலகைகள் பலவற்றுக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. தலைக்கு மேல் இரும்பும் கண்ணாடியும் துருப்பிடித்துத் தொங்கும்போது பாதுகாப்பைக் கேட்பது நியாயமே. ஆனால் பழுதைப் பார்த்து நிறுத்திவைக்க வழி தேடாமல், கழற்றுவதையே முதல் தீர்வாக்கியதில் நகரம் பெரும் இழப்பைச் சந்தித்திருக்கிறது. இன்னொரு பக்கம் எல்இடி. மின்செலவு குறைவு, விலை குறைவு, பழுது எளிது. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது.

ஹாங்காங் தீவின் மேற்குப் பகுதியில் சம்மிஸ் கிச்சன் உணவகத்தின் வாசலில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் தொங்கிய நியான் பசுவை 2015 ஆகஸ்டில் இறக்கினார்கள். ஹாங்காங்கின் எம் பிளஸ் அருங்காட்சியகம் அதை எடுத்துக்கொண்டது. ஒரு மாஜாங் விளையாட்டுக் கூடத்தின் நியான் சேவலும் அதே சேகரிப்பில் இருக்கிறது. யாவ் மா டேயின் ஷாங்காய் தெருவில் தலைமுறைகளாக மணப்பெண் உடை விற்ற கூன் நாம் வா கடையின் பலகை 2022இல் இறங்கியது. கல்யாணக் கனவோடு எத்தனையோ பெண்கள் அண்ணாந்து பார்த்த பலகை அது. கழற்றப்படும் பலகைகளை மீட்டு வைக்கும் டெட்ரா நியான் எக்ஸ்சேஞ்ச் போன்ற அமைப்புகள் இல்லாவிட்டால் இவை பழைய இரும்புக் கடைக்கே போயிருக்கும். அதே ஆண்டில் வந்த எ லைட் நெவர் கோஸ் அவுட் திரைப்படம், கணவர் முடிக்காமல் விட்டுப்போன நியான் பலகையை முடிக்கப் போராடும் விதவையின் கதை. அதில் நடித்த சில்வியா சாங் தைவானின் தங்கக் குதிரை விருதுகளில் சிறந்த நடிகையானார். ஒரு கைத்தொழிலின் துயரம் இவ்வளவு நேர்மையாகத் திரையில் வந்தது அரிது.

முழுநேரமாகக் கண்ணாடி வளைக்கும் முதியவர்கள் இன்று விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் இளைஞர்கள் சிலர் கற்கிறார்கள் என்பது நல்ல செய்தி. ஆனால் அவர்கள் செய்வது பெரும்பாலும் வீட்டுக்கும் காட்சிக்கூடத்துக்குமான சிறிய துண்டுகள். சாலைக்கு மேல் நீளும் பலகைக்கு வேலை கேட்டு வருகிறவர் குறைவு.

படம் எடுத்துக்கொள்ளப் போகிறவர்கள் இதில் ஒன்று செய்ய முடியும். உருவப்பட லென்ஸ் பின்னால் இருக்கும் பலகையை வண்ணப் பொட்டுகளாகக் கரைத்துவிடும். முகம் துலங்கும், கடையின் பெயர் போய்விடும். எனவே உங்கள் படங்கள் எல்லாம் முடிந்தபின் ஒளிப்படக்காரரிடம் இன்னும் ஒரு நிமிடம் கேளுங்கள். பலகையை மட்டும் நேராக, கூர்மையாக, முழு எழுத்தும் தெரியும்படி ஒரு படம் எடுத்து, தெருவின் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள். எம் பிளஸ் அருங்காட்சியகம் 2014இல் இணையத்தில் நியான் கண்காட்சி நடத்தியபோது, நகரத்தின் பலகைகளை வரைபடத்தில் குறிக்கப் பொதுமக்கள் எடுத்த படங்களையே கேட்டு வாங்கியது. அந்தப் படங்களில் உள்ள பலகைகள் பல இன்று தெருவில் இல்லை.